குமிழ் இல்லாத செட்

என் வீட்டுக்காரருக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்தபோது, அவர் வாயிலிருந்த பேச்செல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஆவட்டும். சாப்பிடறீங்களா என்றால் ஆவட்டும். வலிக்கிதா என்றால் ஆவட்டும். உங்க பேர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கும் ஆவட்டும். ஒருநாள் தெருநாய் உள்ளே நுழைந்து கஞ்சிச் சட்டியில் வாய் வைத்தது. அதைப் பார்த்தும் ஆவட்டும் என்றார். அனுமதி கிடைத்துவிட்டதென்று அதுவும் நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது.

தலையாட்டுவதையும் நம்ப முடியாது. வேணுமா என்றாலும் மேலும் கீழும் ஆட்டுவார், வேணாமா என்றாலும் அதே ஆட்டுதான். காதில் விழுவது முக்கால்வாசி புரிகிறது, பதில்தான் வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது என்று டாக்டர் விளக்கினார். விளக்கிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். கூட இருந்து குடித்தனம் பண்ண வேண்டியவள் நான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. இந்த மனுஷன் முன்பு எப்பேர்ப்பட்ட வாயாடி தெரியுமா! சாலவாக்கம் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணம், பிரசவம், திருப்பதி எதுவானாலும் இவர் காரைத்தான் கூப்பிடுவார்கள். ஓட்டிக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பார், பின்சீட்டில் இருக்கிறவர்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன் என்று நானே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

அந்தக் கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வெள்ளை நிறம். ஒருத்தர் ஓட்டி விற்றதை வாங்கியது, அதற்கும் வயசாகிவிட்டது. வாதம் வந்த பிறகு ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் யாராவது ஒருத்தன் வாசலில் போய், "ரவ எங்க வண்டிய எடுத்துக்கினு வரியாப்பா" என்று நிற்க வேண்டியிருந்தது. நாலு பேர் நாலு விதமாய் முகத்தைக் காட்டினார்கள். போங்கடா நீங்களும் உங்க தயவும் என்று உத்திரமேரூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். ஐம்பது தாண்டிய வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளட்ச் மிதித்தேன். முன்னால் போவது வந்துவிட்டது. ரிவர்ஸ் மட்டும் இன்றுவரை எனக்குப் படியவில்லை. எங்கள் கேட் தூண், பக்கத்து வீட்டு வைக்கோல் போர், ஆஸ்பத்திரி வாசல் பூந்தொட்டி என்று பின்னால் இருப்பது எதையும் நான் விட்டுவைத்ததில்லை.

காரில் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்த ஒரு பாட்டுச் செட் இருந்தது. சிடி போடுகிற வாய் எப்போதோ அடைத்துக்கொண்டுவிட்டது. ரேடியோ மட்டும் பாடும். நடுவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு உருண்டைக் குமிழ், சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிசு. அவரை இடதுபக்க சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டிவிடுவேன். வலது கை மடியில் செத்துக் கிடக்கும். இடது கையைக் குறுக்கே நீட்டி அந்தக் குமிழைப் பிடித்துக்கொள்வார். வண்டி ஓட்டிய காலத்துப் பழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வழியில் ஒரு டீக்கடை வந்தது. "டீ குடிக்கலாமா?" என்றேன். பதிலை எதிர்பார்த்தா கேட்டேன்? பழக்க தோஷம். சட்டென்று ரேடியோ சத்தம் ஏறியது. "இன்னாய்யா இது, காது கிழியிது" என்று எரிந்து விழுந்துவிட்டு நிறுத்தாமல் போனேன். அவரோ குமிழை மேலே மேலே திருகிக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்த்தேன். அது சும்மா திருகுகிற முகமாக இல்லை.

வண்டியை ஓரம் கட்டினேன். "டீ வோணுமா?" என்றேன். ஏற்றினார். "வாணாமா? நேரா வூட்டுக்கே போயிடலாமா?" என்றேன். இறக்கினார். "நான் வண்டி நல்லா ஓட்டறனா?" என்றேன். ஒரேயடியாக இறக்கினார், ரேடியோ செத்தே போனது. அடப் பாவி மனுஷா! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அப்புறம் வண்டியைத் திருப்பி அந்தக் கடையிலேயே போய் டீ குடித்தோம்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியதையெல்லாம் காருக்கென்று எடுத்து வைப்பேன். இந்தப் பட்டத்துக்கு நெல்லா வேர்க்கடலையா, கிடாரியை விற்கலாமா, மகன் வாங்கி வந்த சட்டை பிடித்திருக்கிறதா, தலைவலியா, வயிற்று வலியா. ஏற்றினால் ஆமாம், இறக்கினால் வேண்டாம். சாயங்காலம் ஏரிக்கரை ரோட்டில் ஒரு சுற்று போய் வருவோம். புதுசா வண்டி கத்துக்கினவ, சும்மா சுத்திக்கினு கீறா என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். வீட்டிலேயே இதைச் செய்யலாமென்று குமிழ் வைத்த பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், பேட்டரி மூடியைத் திறந்தார், ஆவட்டும் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த சீட்டும், கண்ணாடிக்கு முன்னால் ரோடும் இருந்தால்தான் அவருக்கு அந்த வழி திறந்தது. ஏன் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால், புருஷனுக்கு வாய் போச்சு, பொண்டாட்டிக்குப் புத்தி போச்சு என்பார்கள். அதோடு, இத்தனை வருஷக் கல்யாணத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்த ஒரே பாஷை இதுதான். அது எனக்கு இனித்தது.

மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. குடும்பம் அங்கேயே. லீவு கிடைத்தால் வருவான். அப்படி வந்தவன், சர்வீஸ் விட்டு வருகிறேன் என்று காரைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போனான். சாயங்காலம் வந்து வாசலில் நிறுத்தி, "ம்மா, கண்ண மூடிக்கினு வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான். திறந்து பார்த்தால், செட் இருந்த இடத்தில் சிலேட்டு அளவுக்குக் கறுப்புக் கண்ணாடி.

"டச்சு ஸ்க்ரீன்மா. பின்னாடி கேமரா வெச்சிருக்கான். ரிவர்ஸ் போட்டா பின்னால இன்னா கீதுன்னு அப்படியே தெரியும். இனிமே நீ எதையும் இடிக்க மாட்ட."

நான் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். மேலே, கீழே, பக்கத்தில், எங்கேயும் குமிழ் இல்லை.

"பழசு எங்கடா?"

"அது இன்னாத்துக்கும்மா? கடையிலயே உட்டுட்டு வந்துட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். ஆனால் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அம்மா வண்டியை இடித்து அடிபட்டுக்கொள்ளக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான். அவனை எப்படித் திட்டுவது? "சூப்பரா கீதுடா" என்றேன்.

மறுநாள் அவரை உட்கார வைத்து வண்டியை எடுத்தேன். வழக்கம்போல இடது கை குறுக்கே வந்தது. கண்ணாடியில் பட்டு வழுக்கியது. மறுபடி வைத்தார். நடுங்குகிற விரல் பட்டதும் பாட்டு போய் ரோட்டு மேப் வந்தது. இன்னொரு தடவை வைத்தார், ஏதோ ஒரு பொம்பளை குரல் இங்கிலீஷில் என்னவோ கேட்டது. பயந்து கையை எடுத்துக்கொண்டார். ஓரத்தில் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு குறி இருந்தது. அவர் விரலைப் பிடித்து ப்ளஸ்ஸில் வைத்தேன். ஆடுகிற விரலை அந்தக் கண்ணாடி ஏற்றுக்கொள்ளவில்லை. ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டது, இல்லாவிட்டால் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. "அமுத்துய்யா! இங்க, இந்த எடத்துல! ரவ அமுத்தேன்!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்து ஆவட்டும் என்றார். இடது கையை எடுத்து வலது கை மேல் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வண்டியில் அவர் கையை நீட்டவே இல்லை.

மெதுவாக ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் கால் வந்து நின்றது.

வலது கால் விரலிடுக்கில் ஒரு புண். அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லை, அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை வேறு. தினமும் துடைத்து மருந்து போட்டேன், டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் விரல்கள் கறுத்து, கறுப்பு மேலே ஏற ஆரம்பித்தது. செங்கல்பட்டு டாக்டர் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மகனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். டாக்டர் நல்ல மாதிரி. நேரே குனிந்து என் வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, காலை எடுத்துடலாம்னு இருக்கோம். உங்களுக்குச் சம்மதமா?"

"ஆவட்டும்."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பாவே சொல்லிட்டாரும்மா" என்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "உங்கப்பன் நாய்க்கும் அதத்தான்டா சொன்னாரு!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் நான் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. "யோசிச்சுக்குங்கம்மா. ஆனா நாளன்னைக்குக் காலையில அட்மிட் பண்ணிடணும், அதுக்கு மேல தள்ளக் கூடாது" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சிக்கம்மா" என்று ஆறுதல் சொன்னாள். நல்ல மனசோடு சொன்னது. ஆனால் தலைப்பாகையைக் கழற்றுவதாக இருந்தாலும், கட்டியிருக்கிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

எடுக்காவிட்டால் போய்விடுவார் என்று எனக்கும் தெரியும், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் அந்தக் காலால் முப்பது வருஷம் பிரேக் மிதித்தவர் அவர். கேட்காமல் வெட்டிவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு அவருக்குச் சோறு ஊட்டுவேன்? அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்காதீர்கள். அது எனக்கே தெரியாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் மகனிடம் பழைய செட்டைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். "இந்த நேரத்துல பாட்டு செட்டாம்மா? உனக்கு இன்னா ஆச்சு?" என்றான். நான் போட்ட சத்தத்தில் கடைக்குப் போன் செய்தான். பழசைப் பிரித்துச் சாமானாக எடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் ஏற்பாடு பண்ண வேண்டியிருந்ததால் அவன் கிளம்பிப் போனான். நான் அவரைக் காரில் உட்கார வைத்து உத்திரமேரூருக்கு ஓட்டினேன்.

பஜாரைத் தாண்டி ஒரு எலக்ட்ரீஷியன் கடை இருக்கிறது. கார், டிராக்டர், லோடு ஆட்டோ எல்லாவற்றுக்கும் லைட்டும் ஹாரனும் பாட்டும் மாட்டுகிறவன். காதில் போனை இடுக்கிக்கொண்டே ஸ்க்ரீனைப் பார்த்தான்.

"நல்லாத்தானக்கா பாடுது?"

"பாடுறது வாணாம்ப்பா. திருவுற மாரி குமிழ் வெச்சது ஒண்ணு மாட்டிக் குடு."

"அய்ய, எல்லாரும் அத எடுத்துட்டு இத மாட்டறான். நீ இன்னாக்கா தலகீழா வர!" என்று சிரித்தான். பெட்டிகளை எடுத்துக் காட்டினான். எல்லாம் கண்ணாடி, இல்லாவிட்டால் சின்னச் சின்ன அமுக்குப் பட்டன். பட்டனும் அவர் விரலுக்கு ஆகாது. காஞ்சிபுரத்துக்கு ஆர்டர் போட்டால் நாலு நாளில் வரும் என்றான்.

நாலு நாள்! எனக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கடை ஓரத்தில் நின்ற டிராக்டர் கண்ணில் பட்டது. லைட்டு ரிப்பேருக்கு விட்டிருந்தார்கள். மட்கார்டு மேலே தகரப் பெட்டிக்குள் பாட்டுச் செட். அதன் நடுவில் சிவப்பாக ஒரு குமிழ்.

"அதக் கயட்டிக் குடு. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

"யக்கா, அது இன்னொருத்தர் வண்டி! டிராக்டர்காரர் என்னக் கொன்னுடுவாரு. இன்னாக்கா பேஜார் பண்ற?"

அவனிடம்தான் முதல்முதலாகச் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை, கிரீஸ் கையோடு நின்ற யாரோ ஒருத்தனிடம் சொன்னேன். டீக்கடையில் ஆரம்பித்தது, ஏற்றினால் என்ன, இறக்கினால் என்ன, நாளைக் காலையில் எதை எடுக்கப் போகிறார்கள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரி பேச்சாகத்தான் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். காரில் உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சாயந்தரம் அவுரு வர்றதுக்குள்ள கொண்டாந்துடணும்" என்று சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

அவன் ஒன்றும் அதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. காஞ்சிபுரத்தில் கம்பெனி பிளக்கை வெட்டிவிட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். எது எந்த வயர் என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஒரு ஃபியூஸையும் போக்கினான். கடைசியில் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் கரகரவென்று பாடியது. அந்தச் செட் காரின் ஓட்டைக்குள் நுழையவில்லை. கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டான். என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து, அவன் கை போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கரை ரோட்டில், புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. எஃப்.எம்.மில் ஏதோ துணிக்கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. இடது கை குறுக்கே வந்தது. குமிழைத் தொட்டதும் அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"வெயிலா கீதா?" என்றேன். ஏற்றினார். ஏசியைப் போட்டேன். "பசிக்கிதா?" இறக்கினார். "இந்தச் செட் நல்லா கீதா?" கொஞ்சம் யோசித்து இறக்கினார். அவர்தான், அவரேதான்.

"தோ பாருங்க. கால் அயுகிப் போச்சு. எடுக்கலன்னா உசுருக்கு ஆவாதுன்றாங்க. நாளைக்கு எடுக்கணும்னு சொல்றாங்க." அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால எடுத்துடலாமா?"

கை குமிழ் மேலேயே இருந்தது. அசையவில்லை. புரியவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். அவர் குனிந்து காலைப் பார்த்தார், கட்டுப் போட்டிருந்த துணியைப் பார்த்தார். புரிந்துதான் இருந்தது. விளம்பரம் முடிந்து பாட்டு வந்தது. அதுவும் முடிந்தது. "எதுனா ஒண்ணு பண்ணுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். கியர் மேல் இருந்த என் இடது கையைப் பிடித்து, மெதுவாகத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குமிழின் மேல் வைத்தார். வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பாடுபட்டு, யார் யார் காலையோ பிடித்து, உன்னைக் கேட்க வேண்டும் என்று வந்தால், இதையும் என் தலையிலேயே போடுகிறாயா? "ஏன்யா, என்னால எப்டிய்யா சொல்ல முடியும்?" என்று கத்தினேன். அவர் குமிழைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தவறிப்போய் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ திரும்பிவிடப் போகிறதென்று பயந்து நான் விரலை அசைக்காமலே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரன் அடித்தது. வழி விட வேண்டும்.

ஏற்றினேன். கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவர்கிட்ட கேக்கணும்னு சொன்னீங்களே, கேட்டீங்களாம்மா? என்ன சொன்னாரு?"

கேட்டேன் சார் என்றேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்கே கையெழுத்துப் போடணும் என்று பேனாவை நானே வாங்கிக்கொண்டேன்.